கங்கைகொண்ட சோழன்

உலக வரலாற்றைக் கற்போர், சில நாடுகளுக்குப் பேரரசுக் காலம் எனத் தனித்துக் கூறத்தக்க பகுதி ஒன்று இருத்தலைக் காண்பர். எகிப்து நாட்டிற்கு அக்காலம் கி. மு. பதினைந்தாம் நூற்றாண்டில் மூன்றாம் துட்மோசு என்னும் மன்னனாற் சிறப்புற்றது. அவன் ஆசியாவின்மேற் பலமுறை படையெடுத்து, மெகிட்டோ நகரை முற்றுகையிட்டு வென்று, யூப்பிரட்டீசு ஆற்றையும் கடந்தான். அவ்வெற்றிகளைக் கர்னாக்குக் கோயிற் சுவர்களிற் பொறிப்பித்தான். அவனுக்கு 2400 ஆண்டுகளுக்கு மேற் பிற்பட்டுத் தமிழ்நாட்டிற்கும் அத்தகைய காலம் ஒன்று வாய்த்தது. கல்லிலும் செப்பேட்டிலும் தன் வெற்றிகளை எழுதுவித்த அக்காலத்துப் பெருவேந்தன் முதலாம் இராசேந்திர சோழன். அவன் வாழ்க்கை ஈழநாட்டோடும் பிணைந்ததாதலின், நாம் அதனைப் பெருமிதத்தோடு மட்டுமன்றி நடுவுநிலைமையோடும் கற்றல் வேண்டும்.

இராசேந்திரன், தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எடுப்பித்த இராசராசனுக்கும் வானவன்மாதேவிக்கும் மகனாகத் திருவாதிரை நாளிற் பிறந்தவன். மதுராந்தகன் என்பது அவன் இளமைப் பெயர். கி. பி. 1012 இல் தந்தையோடு உடனிருந்து ஆளும் உரிமை பெற்று, 1014 இல் தந்தை மறைந்தபின் தனியரசு எய்தினான். தந்தை ஈட்டி வைத்ததைக் காப்பதோடு அமையாது, அதனைப் பெருக்குதலும் தன் கடன் என அவன் கருதினான் போலும்.

பட்டமெய்திய சில ஆண்டுகளுள் அவன் நாட்டம் ஈழத்தின்பாற் சென்றது. இராசராசன் காலத்தில், 993 அளவிலேயே, இந்நாட்டின் வடபகுதி சோழர் கைப்பட்டுப் பொலநறுவை சனநாதமங்கலம் எனப் பெயர் பூண்டிருந்தது. தெற்கே உரோகணத்தில் ஐந்தாம் மகிந்தன் அரசுரிமையை விடாது பற்றியிருந்தான். 1017 இற் சோழர் படை ஆங்குப் புகுந்து அவனைச் சிறைப்பிடித்தது. ஈழத்தரசர் முடியையும், முன்பு பாண்டியன் அடைக்கலமாக வைத்துச் சென்ற முடியையும், இந்திரன் ஆரத்தையும் கைக்கொண்டது. பாண்டியன் முடியும் ஆரமும் முதற் பராந்தகன் முயன்றும் பெறாதவை. மகிந்தன் பன்னிரண்டு ஆண்டுகள் சோழநாட்டிற் சிறையிருந்து 1029 இல் ஆங்கே இறந்தான்.

விகாரைகள் உடைக்கப்பட்டுப் பொன்னும் மணியும் கவரப்பட்ட செய்தியைச் சூளவமிசம் துயரத்தோடு கூறுகின்றது. மெய்க்கீர்த்தியில் வெற்றியாக நிற்பது, மற்றோர் இனத்தார் நூலிற் புண்ணாக நிற்கின்றது. இரண்டும் ஒரே நிகழ்ச்சி. ஒன்றை மட்டும் படித்தவன் வரலாறு படித்தவன் ஆகான். இதே மன்னன், நாகபட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்குத் தன் தந்தை வழங்கிய ஆனைமங்கலம் என்னும் ஊரினை உறுதிசெய்து செப்பேடு எழுதுவித்தான் என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். அவன் தாயின் பெயர் பூண்ட வானவன்மாதேவி ஈச்சரம் பொலநறுவையில் இன்றும் கற்றளியாக விளங்குகின்றது.

பின்னர் வடதிசை சென்ற படை கங்கை நீரைக் கொணர்ந்தது. 1025 அளவிற் கடல்கடந்த மரக்கலப்படை, சிரீவிசய நாட்டு வேந்தனான சங்கிராம விசயோத்துங்கவர்மனை வென்று, கடாரம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், நக்கவாரம் முதலிய இடங்களை அடிப்படுத்தியது. சீனம் செல்லும் கடல்வழி அந்நாட்டின் வழியாகவே சென்றமையால், வாணிக நலமும் இப்படையெடுப்பிற்கு ஒரு காரணமாதல் கூடும். இராசேந்திரன் 1033 இற் சீனத்துக்குத் தூது விடுத்தான்.

இவ்வெற்றிகளின் நினைவாக எழுந்தது கங்கைகொண்ட சோழபுரம் என்னும் புதிய தலைநகர். அதன் நடுவே ஏறத்தாழ 180 அடி உயர்ந்த விமானத்தோடு சிவன் கோயில் அமைந்தது. நகருக்கு மேற்கே சோழகங்கம் என்னும் பேரேரி வெட்டப்பட்டது. அதனை நீர்மயமான வெற்றித்தூண் எனும் கருத்துப்படத் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகின்றது. வென்றோர் கல்லிலே தூண் நாட்டுவது உலக வழக்கு. நீரிலே தூண் நாட்டிய சிறப்பு இவனுக்கு உரியது.

கல்லூரி மலரிற் கூறத்தக்க செய்தி மற்றொன்று உளது. இக்காலத்து விழுப்புரம் மாவட்டத்திலுள்ள எண்ணாயிரம் என்னும் ஊரில் அவன் காலத்துக் கல்லூரி ஒன்று இருந்தமையைக் கல்வெட்டு அறிவிக்கின்றது. மாணவர் 340 பேர். ஆசிரியர் 14 பேர். இளநிலையில் வேதமும் தொடக்க இலக்கணமும் பயின்றோர் 270 பேர். அவர்க்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். முதுநிலையில் வியாகரணமும் மீமாஞ்சையும் வேதாந்தமும் பயின்றோர் 70 பேர். அவர்க்குப் பத்து நாழி. இச்செலவுகளின் பொருட்டு 45 வேலி நிலம் விடப்பட்டிருந்தது. அக்கல்லூரிப் பாடங்களுள் தமிழ் இலக்கணம் இடம்பெறாமை தமிழாசிரியனாகிய எனக்கு வருத்தம் தருவதே. ஆயினும், கற்பவன் பசியாதிருத்தல் அரசின் பொறுப்பு என ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உணரப்பட்டமையை மதியாதிருத்தல் இயலாது.

1044 இல் தொண்டைநாட்டுப் பிரமதேசத்தில் இராசேந்திரன் உயிர்நீத்தான். அவன் தேவி வீரமாதேவியும் உடன் மாய்ந்தாள். அத்தேவியின் உடன்பிறந்தான் இருவரது நீர்வேட்கையும் தணிதற்பொருட்டுத் தண்ணீர்ப்பந்தல் ஒன்று அமைத்தான் என அவ்வூர்க் கல்வெட்டால் அறிகின்றோம். கங்கையைக் கொணர்ந்தவனுக்கு இறுதியில் வேண்டியது வழிப்போக்கர் பருகும் ஒரு குடம் நீரே!

அவன் மறைந்து இருபத்தாறு ஆண்டுகள் கழிந்து, 1070 இல், முதலாம் விசயபாகு பொலநறுவையை மீட்டான். 1279 அளவிற் சோழர் குலமும் மறைந்தது. 1836 இற் கொள்ளிடத்தில் கீழணை கட்டப்பட்டபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிற்கற்களும் பெயர்த்து எடுக்கப்பட்டன. மதிலாய் நின்ற கல் அணையாகி, உழவர்க்கு நீர் தேக்கித் தந்தது.

கவர்ந்த முடிகள் எங்கே? அறிந்தார் இலர். வெட்டிய ஏரியும் வளர்த்த கல்வியுமே அவன் புகழுக்குச் சான்றாவன. ஆறில்லாத யாழ்ப்பாணத்தில், கிணற்று நீரை இறைத்து வாழ்ந்த நம் முன்னோர் குளமும் மடமும் பள்ளியும் அமைத்ததும் இவ்வுண்மையை உணர்ந்தே. விழாக் கொண்டாடும் இக்கல்லூரியின் பழைய மாணவர்காள்! முன்னோர் வென்ற நிலத்தை எண்ணி மகிழ்வதிலும், அவர் விட்டுச்சென்ற தண்ணீர்ப்பந்தலை வற்றாது காத்தலே நமக்குச் சிறப்பு. கல்லூரியும் ஒரு தண்ணீர்ப்பந்தலே.