துவண்ட குழந்தைக்கு மார்க் போட்ட டாக்டர்

குழந்தை பிறந்துவிட்டது. ஆனால் அழவில்லை. கை கால் துவண்டு, நனைந்த துணி போலக் கிடக்கிறது. தாயோ மயக்கத்தில் இருக்கிறாள். டாக்டரும் நர்சும் தாயைச் சுற்றி நிற்கிறார்கள். குழந்தையை யார் பார்ப்பது?

அமெரிக்க ஆஸ்பத்திரிகளிலேயே ஒரு காலத்தில் இந்தக் கதிதான். அதை மாற்றியவர் வர்ஜீனியா அப்கார் அம்மையார்.

நியூஜெர்சி மாநிலத்தில் 1909-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி பிறந்தார். அவருடைய அண்ணன் ஒருவர் சிறு வயதிலேயே காச நோய்க்குப் பலியானார். அப்கார் 1933-ல் கொலம்பியா மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்றார். வகுப்பில் நான்காவது இடம்!

ஆபரேஷன் டாக்டராக வேண்டும் என்பது அவர் ஆசை. பெண் சர்ஜனுக்குப் பிழைப்பு நடப்பது கஷ்டம் என்று தலைமை டாக்டர் ஆலன் விப்பிள் கருதினார். மயக்க மருந்து கொடுக்கும் துறைக்குத் திருப்பிவிட்டார். பெரும்பாலும் நர்சுகள் பார்த்துவந்த வேலை அது. அதுவே அவரைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

தாய்க்குக் கொடுக்கும் மருந்து குழந்தையையும் வாட்டும். எவ்வளவு வாட்டியது என்று சொல்ல ஓர் அளவுகோல் இல்லை. 1949-ல் சிற்றுண்டிச்சாலையில் ஒரு மாணவர் இதைப் பற்றிக் கேட்டாராம். உடனே அம்மையார் ஐந்து குறிப்புகளை எழுதிக் காட்டினாராம். இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் முறுக்கு, தூண்டினால் சிணுங்குவது, உடலின் நிறம்.

தசையை அளப்பதுதான் வேடிக்கை. பெரியவர்களானால் பளு தூக்கச் சொல்லலாம். பச்சைக் குழந்தையிடம் என்ன சொல்வது? அப்காருக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. கண் போதும். கை கால் துவண்டிருந்தால் 0. ஓரளவு மடங்கியிருந்தால் 1. நன்றாக உதைத்துக்கொண்டால் 2. மற்ற நான்குக்கும் இப்படியே. மொத்தம் 10 மார்க். பிறந்த முதல் நிமிடத்தில் ஒரு தடவை, 5-வது நிமிடத்தில் மறு தடவை. 7-ம் அதற்கு மேலும் நல்லது. 3-ம் அதற்குக் கீழும் ஆபத்து.

1953-ல் இந்த முறை அச்சில் வெளிவந்தது. உலகமெங்கும் பரவியது. மார்க் போட வேண்டுமானால் குழந்தையைப் பார்த்தாக வேண்டுமே!

மார்க் குறைந்தால் தாய்மார்கள் கலங்க வேண்டியதில்லை. குறை மாதக் குழந்தை இயல்பாகவே சற்றுத் துவண்டிருக்கும். பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்லும் ஜாதகம் அல்ல இது. இன்று டாக்டர்கள் மார்க்குக்காகக் காத்திருப்பதும் இல்லை; மூச்சு வராவிட்டால் உடனே உதவுகிறார்கள்.

அப்கார் திருமணம் செய்துகொள்ளவில்லை. பேனாக்கத்தியும் மூச்சுக் குழாயும் எப்போதும் அவர் கையோடு இருக்கும். வழியில் யாருக்காவது மூச்சு நின்றால் உதவுவதற்காக! 1974 ஆகஸ்டு 7-ந் தேதி நியூயார்க்கில் காலமானார். 1994-ல் அமெரிக்க அரசு அவர் படம் போட்ட தபால் தலையை வெளியிட்டது.