‘பயாஸ்’ தந்த கேரி கில்டால்: 8080க்கும் 8086க்கும் நடுவில் நழுவிய வாய்ப்பு

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கண்ணில் படும் ‘பயாஸ்’ என்ற சொல், கேரி கில்டாலின் மென்பொருளிலிருந்து வந்தது. இன்று அந்த இடத்தில் யூஇஎஃப்ஐ வந்துவிட்டாலும் பேச்சுவழக்கில் பயாஸ்தான்.

1942இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தவர் கில்டால். கலிபோர்னியாவின் மான்டரேயில் கடற்படை முதுநிலைக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, இன்டெல் நிறுவனத்துக்கும் ஆலோசகராக இருந்தார். 1974இல் இன்டெல் 8080 சிப்புக்காக அவர் எழுதிய ஆபரேட்டிங் சிஸ்டம்தான் சிபி/எம்.

அப்போது ஒவ்வொரு கம்பெனியின் கம்ப்யூட்டரும் ஒரு தினுசு. ஃப்ளாப்பி டிரைவ் வேறு, திரை வேறு. புது மெஷின் வந்தால் சிஸ்டம் முழுக்கத் திருத்தணும். கில்டால், வன்பொருளோடு நேரடியாகப் பேசும் பகுதியை மட்டும் தனியே பிரித்தார். அதுதான் பயாஸ். அந்தத் துண்டை மாற்றினால் போதும், மீதியில் கைவைக்கத் தேவையில்லை. 1976இல் வந்த சைலாக் இசட்80 சிப்புக்கும் 8080இன் கட்டளைகள் புரியும் என்பதால், சிபி/எம் அதிலும் ஓடியது.

ஆனால் பயாஸால் தாண்ட முடியாத சுவர் ஒன்று இருந்தது: ப்ராசஸர் புரிந்துகொள்ளும் கட்டளைகளின் தொகுப்பு. ‘ஆர்க்கிடெக்சர்’ என்ற பெயர் சொல்வது முக்கியமாக இதைத்தான். 1978இல் வந்த 8086, பெயரில் 8080இன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் 8080க்கான புரோகிராம் அதில் அப்படியே ஓடாது, மாற்றி எழுதணும்.

கில்டாலின் 8086 பதிப்பு தாமதமானது. காத்திருந்து பார்த்த சியாட்டில் கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸ் நிறுவனத்தின் டிம் பேட்டர்சன், 1980இல் தானே ஒரு சிஸ்டம் எழுதினார். சிபி/எம் புரோகிராம்களை எளிதாகக் கொண்டுவர, அதன் அழைப்பு முறையையே பின்பற்றினார். கில்டால் போட்ட பாதையில் இன்னொருவர் வண்டி! அதை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 1981இல் ஐபிஎம் பிசியில் டாஸ் ஆனது.

ஐபிஎம் ஆட்கள் வந்த அன்று கில்டால் ஜாலியாக விமானம் ஓட்டப் போய்விட்டார் என்ற கதை இன்றும் சுற்றுகிறது. அவர் பறந்தது தொழில் வேலையாகத்தான். பிறகு சிபி/எம்-86 பதிப்பையும் ஐபிஎம் விற்றது. விலை 240 டாலர். டாஸ் வெறும் 40. யார் வாங்குவார்?

8086க்குப் பின் 80286, 80386 என்று தொடர்ந்த வரிசைக்கு எக்ஸ்86 என்ற பெயர் நிலைத்தது. கில்டாலின் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தை 1991இல் நாவெல் வாங்கியது. 1994 ஜூலையில், தலையில் அடிபட்ட சில நாட்களில் மான்டரேயில் இறந்தார். வயது 52. பசிஃபிக் குரோவில் அவரது பழைய அலுவலகத்தின் முன் 2014இல் ஐஇஇஇ அமைப்பு நினைவுப் பலகை பதித்தது.