சமயச் சுவடு தேடிய சான்றோர் மயிலை சீனி. வேங்கடசாமி

சமயம் கோயில் மதிலுக்குள் அடங்கிவிடும் பொருளன்று. மக்கள் உண்ணும் உணவிலும், பேசும் சொல்லிலும், குழந்தைக்கு எழுத்தறிவிக்கும் முறையிலும், கொண்டாடும் விழாவிலும் அது ஊடுருவி நிற்பது. மேலைநாட்டில் மாக்ஸ் வெபரும் எமில் துர்கேமும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வுண்மையை ஆராய்ந்து சமயச் சமூகவியல் என்னும் துறைக்குக் கால்கோள் இட்டனர். அத்துறையின் கலைச்சொற்களைக் கைக்கொள்ளாமலேயே, ஓலைச்சுவடியும் கல்வெட்டும் ஊர்ப்பெயரும் சான்றாகக் கொண்டு தமிழ் மண்ணில் அதே வினாவை எழுப்பியவர் மயிலை சீனி. வேங்கடசாமி.

1900ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் சென்னை மயிலாப்பூரில், சித்த மருத்துவக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தமையனாரிடம் தொடங்கிய தமிழ்க் கல்வி, மயிலையில் வாழ்ந்த புலவர்களிடம் வளர்ந்தது. ஓவியக் கலையில் நாட்டங்கொண்டு எழும்பூர் ஓவியப் பள்ளியில் பயின்றார். குடும்பச் சூழல் அக்கல்வியைத் தொடரவிடவில்லை. ஆயினும், சிற்பத்தின் அமர்வையும் முத்திரையையும் நுணுகி நோக்கும் கண்ணை அப்பயிற்சி அவருக்குத் தந்தது. நீதிக் கட்சியின் ‘திராவிடன்’ இதழில் சிலகாலம் பணியாற்றிய பின், பள்ளியாசிரியராகி 1955இல் ஓய்வு பெற்றார். மணவாழ்வை நாடாமல் நூலும் சுவடியுமே துணையாக வாழ்ந்தார். பல்கலைக்கழகப் பதவியோ ஆராய்ச்சி நல்கையோ இல்லாத ஒரு பள்ளியாசிரியர், பெருங்குழுவொன்று செய்ய வேண்டிய பணியைத் தனியொருவராகச் செய்தார் என்பது எண்ணி வியத்தற்குரியது.

1936இல் ‘கிறித்தவமும் தமிழும்’, 1940இல் ‘பௌத்தமும் தமிழும்’, 1954இல் ‘சமணமும் தமிழும்’ என அவருடைய முப்பெரும் நூல்கள் வெளிவந்தன. எந்தச் சமயத்தையும் பரப்புதல் அவர் நோக்கமன்று. எந்தச் சமயத்தையும் இழித்துரைத்தலும் அன்று. அச்சுப்பொறியும் உரைநடையும் தமிழில் வளர்ந்ததில் கிறித்தவப் பாதிரிமார்க்கு உள்ள பங்கை அவர் மனமுவந்து எடுத்துக்காட்டினார். பௌத்தம் மறைந்தபோது அதன் கோயில்களும் தெய்வங்களும் முற்றாக அழிந்துபோகவில்லை. வேறு பெயர் பூண்டு ஊர்த் தெய்வங்களாய் வாழ்கின்றன என்பது அவர் கண்ட முடிவு.

சமணம் பரவியமைக்கு அவர் கூறும் காரணம் சமூகவியலாரும் போற்றத்தக்கது. உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி ஆகிய நால்வகைத் தானங்களையும் சமணர் சாதி வேறுபாடின்றி அளித்தனர். அதனால் மக்கள் அவர்பால் ஈர்க்கப்பட்டனர் என்றார். துறவியர் உறைவிடத்தைக் குறித்த ‘பள்ளி’ என்னும் சொல் கல்விச்சாலைக்கு ஆகிவந்த வரலாற்றில் இவ்வறத்தின் தடத்தைக் காணலாம். அச்சமயம் தளர்ந்தமைக்கும் சமூகக் காரணமே கண்டார். சமணத்தில் வீடுபேறு கடுந்துறவை வேண்டி நிற்க, பக்தி இயக்கம் இல்லறத்தார்க்கும் பெண்டிர்க்கும் எளிய வழியைத் திறந்துவைத்தது. மக்கள் அவ்வழியே சென்றனர். இவ்வாறு கூறியதால் சமயப் பூசலில் சமணர் அடைந்த துன்பங்களை அவர் மறைத்தாரல்லர். அவற்றையும் நூலில் எழுதியே வைத்தார். தீபாவளி மகாவீரர் வீடுபேறு அடைந்த நாளிலிருந்து தோன்றியது என்னும் அவர் கருத்தை ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். ஊகம் சில இடங்களில் சான்றை முந்திச் செல்வதுண்டு என்பதையும் நடுநிலையோடு சொல்லுதல் வேண்டும். ஆயினும் மறுப்பவரும் அவர் திரட்டிய சான்றுகளைக் கொண்டே மறுக்க வேண்டியிருத்தல் அவர் உழைப்பின் சிறப்பு.

சவ்வாது மலைச்சாரலில் நாகநதி பாயும் அமிர்தியைச் சூழ்ந்த வடார்க்காட்டு நிலம் அவர் ஆய்வுக்கு வாய்த்த உயிர்ச்சான்று. போளூரை அடுத்த திருமலையில் சுமார் 16 மீட்டர் உயரமுள்ள நேமிநாதர் திருவுருவம் நிற்கின்றது. அங்குள்ள சமணக் கோயிலொன்று சோழ அரசமகள் குந்தவையின் பெயர் தாங்கியது. சைவ அரசகுலத்தின் பெயர் சமணப் பள்ளியில் விளங்குவது, சமய உறவு பகைமை மட்டுமன்று என்பதை உணர்த்தும். வள்ளிமலையில் முருகனை வழிபடச் செல்வோர் அம்மலைப் பாறையிலேயே சமணத் தீர்த்தங்கரர் உருவங்களையும் காண்கின்றனர். ஆரணி, வந்தவாசிப் பகுதிகளில் தமிழ்ச் சமணர் இன்றும் உழவராயும் ஆசிரியராயும் வாழ்கின்றனர். இச்சிற்றூர்களைத் தமிழ்ச் சமய வரலாற்றின் நடுவே வைத்துக் காட்டியவர் வேங்கடசாமி.

‘களப்பிரர் ஆட்சியில் தமிழகம்’ அவர் முதுமையின் விளைவு. இருண்ட காலம் என்று பிறர் ஒதுக்கிய நூற்றாண்டுகளில் நூல்களும் எழுத்து மாற்றமும் சமய வளர்ச்சியும் நிகழ்ந்தமையை அதில் நிறுவ முயன்றார். வென்றவர் சமயம் எழுதிய வரலாற்றைத் தோற்றவர் விட்டுச்சென்ற எச்சங்களால் திருத்துதல் அவர் வாழ்நாள் முயற்சி எனலாம். 1980இல் அவர் மறைந்தார். அவர் நூல்கள் பின்னர் நாட்டுடைமை ஆயின.

அவர் எழுப்பிய வினா நூலகத்தோடு நின்றுவிடவில்லை. சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என வணங்கப்பெற்ற உருவம் புத்தர் சிலையே என்னும் தொல்லியல் துறையின் முடிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2022இல் ஏற்றது. ஓர் உருவம் யாருடையது என்னும் வினா, இன்று அதனை வணங்கும் எளிய மக்களின் நம்பிக்கையையும், என்றோ மறைந்தவர்களின் நினைவையும் ஒருங்கே தொடுகின்றது. ஒன்றை நிலைநாட்ட மற்றொன்றைப் புண்படுத்துதல் எளிது. இரண்டையும் மதித்துச் சான்று தேடுதல் அரிது. அவ்வரிய நெறியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தவர் அப்பள்ளியாசிரியர். ஊர்க்கோடியிற் கிடக்கும் உடைந்த சிலையையும் பொருளறியாது வழங்கும் பழஞ்சொல்லையும் புறக்கணியாது போற்றும் தமிழ் மாணவர் பெருகுவதே அவர்க்குச் செய்யும் நன்றியாகும்.