மருத்துவர் தொட மறுத்த சிசுவும் அண்ணலின் சட்டமும்

அண்ணல் அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14 அன்று மஹூவில், ராம்ஜி – பீமாபாய் இணையரின் 14ஆவது குழந்தையாகப் பிறந்தார். அந்தப் பதினால்வரில் பிழைத்து வளர்ந்தவர்கள் ஐவரே. பிற்காலத்தில் அவருக்கும் ரமாபாய்க்கும் பிறந்த ஐந்து குழந்தைகளில் யஷ்வந்த் ஒருவர்தான் எஞ்சினார். கடைசி மகன் ராஜரத்னா 1926 ஜூலையில் இறந்தபோது அண்ணல் நிலைகுலைந்துபோனார். கொலம்பியா, இலண்டன் பட்டங்களை விரிவாகப் பேசும் வரலாறுகள் இந்தச் சாவுகளை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அவரது சட்டப் பணியை இவற்றிலிருந்து பிரித்துப் படிக்க எனக்கு இயலவில்லை.

1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை அவர் ஆதரித்தார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டின் நலன் என்றும், செலவில் ஒரு பங்கை அரசே ஏற்கவேண்டும் என்றும் வாதிட்டார். மறு ஆண்டு அது சட்டமாயிற்று.

அதே 1929இல் கத்தியவாரில் நடந்ததை, விசாவுக்காகக் காத்திருத்தல் என்னும் தன்வரலாற்றுக் குறிப்புகளில் அவர் பதிவுசெய்துள்ளார். தீண்டப்படாத ஆசிரியர் ஒருவரின் மனைவி, பிள்ளை பெற்ற இரண்டாம் நாளே நோயுற்றார். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். குழந்தையையும் பார்க்க முடியாதென்றார். ஊர்ப் பெரியவர் இரண்டு ரூபாய்க் கட்டணத்துக்குப் பிணை நின்ற பிறகே வந்தார், அதுவும் சேரிக்கு வெளியே. பச்சிளங்குழந்தையோடு தாய் வெளியே கொண்டுவரப்பட்டார். வெப்பமானி மருத்துவரிடமிருந்து ஒரு முஸ்லிமின் கைக்கும், அவரிடமிருந்து கணவர் கைக்கும், பிறகு நோயாளிக்கும் போய், அதே வழியில் திரும்பியது. நுரையீரல் அழற்சி என்று விளக்கொளியில் சொல்லிவிட்டுப் போனவர் மறுபடி வரவில்லை. தாய் இறந்தார். அம்மருத்துவரைத் தண்டிக்க அன்று எந்தச் சட்டமும் இல்லை.

அண்ணலின் தலைமையில் வரைவுபெற்ற அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. அதைச் செயல்படுத்த வந்த மசோதாவை 1954இல் மாநிலங்களவையில் போதாதென்று அவரே விமர்சித்தார். அது 1955இல் நிறைவேறியது. இன்றைய பெயர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதையும், சேர்த்தபின் பாகுபாடு காட்டுவதையும் அதன் 5ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. தண்டனை ஒன்று முதல் ஆறு மாதச் சிறை. அபராதமோ 500 ரூபாயைத் தாண்டாது! 1956 டிசம்பர் 6 அன்று அண்ணல் மறைந்தார்.

1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில், உயிரைக் காப்பது அரசு, தனியார் மருத்துவர் எவருக்கும் கடமை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறந்த சிசுவும் அதில் அடக்கம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பட்டியல் சாதியினர் மருத்துவமனைக்குள் நுழைவதைத் தடுப்பதற்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. இத்தகைய வழக்குகளுக்கென விழுப்புரத்தில் சிறப்பு நீதிமன்றம் உண்டு. முண்டியம்பாக்கத்திலோ திண்டிவனத்திலோ, எந்த மருத்துவமனை வாசலில் ஒரு தாய் திருப்பி அனுப்பப்பட்டாலும், சாதிதான் காரணம் என்பதை அவர் நிறுவவேண்டியதில்லை. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அந்த அனுமானத்தை நீதிமன்றத்தின் மீதே சுமத்துகிறது. குழந்தை பிறந்த நேரம், மருத்துவமனையை அடைந்த நேரம், மறுத்தவரின் பதவி ஆகிய மூன்றையும் தோழர்கள் அன்றே எழுத்தில் பதிந்து வையுங்கள்.