கற்பிட்டி தந்த சைமன் காசிச்செட்டி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் உலக வரலாற்றை நம் மாணவர்கள் பரீட்சையின் பொருட்டுப் படிக்கின்றனர். நெப்போலியனின் எழுச்சியும் வீழ்ச்சியும், அடிமை வாணிக ஒழிப்பு, 1848 ஆம் ஆண்டின் ஐரோப்பியப் புரட்சிகள், சுயஸ் கால்வாய் என்பன அவர்கள் மனனஞ் செய்யும் தலைப்புகள். இவை யாவும் எங்கோ தூர தேசங்களில் நிகழ்ந்தவை, நமக்கும் இவற்றுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று அவர்கள் எண்ணுவது இயல்பே. ஆனால் அந்த நூற்றாண்டின் அலைகள் புத்தளக் கரையோரத்திலும் வந்து மோதின. அவ்வலைகளிடையே பிறந்து, அவற்றாலேயே உயர்ந்து, அவை நம்மிடமிருந்து அள்ளிச் செல்லவிருந்ததைத் தம்மாலியன்றவரை தடுத்து நிறுத்திய தமிழர் ஒருவர் அக்கரையில் வாழ்ந்தார். அவரே சைமன் காசிச்செட்டி. இவர் பெயர் நூலாசிரியர் பட்டியல்களில் இன்றும் காணப்படுகின்றது. எனினும் இவர் பிறந்த மாவட்டத்துப் பிள்ளைகளுள் இவரை அறிந்தோர் மிகச் சிலரே.

கற்பிட்டி, ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் புத்தளக் களப்பும் சூழ, வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணற்றரை. இன்று அங்குச் செல்வோருட் பலர் ஓங்கில் மீன்களின் துள்ளலைக் காணவும், பட்டத்தைப் பிடித்துக் கொண்டு அலைமேற் சறுக்கி விளையாடவும் செல்கின்றனர். ஒல்லாந்தர் அவ்விடத்தை நாடியதற்குக் காரணம் வேறு. களப்பின் வாயிலைக் கைக்கொண்டவன் புத்தளத்து உப்பையும், கண்டி இராச்சியத்துக்குக் கடல்வழி வந்து சேரும் பண்டங்களையும் கைக்கொண்டவனாவான். ஆதலால் 1667 ஆம் ஆண்டிலே தொடங்கி அவர்கள் அங்கே ஒரு கோட்டையைக் கட்டினர். அக்கோட்டை ஆங்கிலேயர் வசமான கதையே உலக வரலாற்றின் ஒரு கிளைக்கதை. பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் ஒல்லாந்தினுட் புகுந்தபோது அந்நாட்டு இளவரசர் இங்கிலாந்துக்குத் தப்பியோடினார். ஓடியவர், இலண்டனை அடுத்த கியூ என்னுமிடத்திலிருந்து, தம் நாட்டுக் குடியேற்றங்களில் ஆங்கிலப் படைகளை அனுமதிக்குமாறு ஆணை விடுத்தார். பாரிசில் மூண்ட தீயின் பொறி இவ்வாறு கற்பிட்டியில் விழுந்தது. 1795 ஆம் ஆண்டு முடிவதற்குள் கோட்டையிற் கொடி மாறிற்று. 1796 ஆம் ஆண்டு பெப்ரவரியிற் கொழும்பும் வீழ்ந்தது. 1802 ஆம் ஆண்டின் அமியென் உடன்படிக்கை இம்மாற்றத்தை நிலைபெறச் செய்தது.

கொடி மாறிய பன்னிரண்டாம் ஆண்டில், 1807 மார்ச் 21 ஆம் நாள், கற்பிட்டியிலே செல்வாக்குள்ள செட்டிக் குடும்பம் ஒன்றிற் காசிச்செட்டி பிறந்தார். அதற்கு நான்கு நாள்களுக்குப் பின், மார்ச் 25 ஆம் நாள், ஆங்கிலேயரின் அடிமை வாணிகத்தை ஒழிக்கும் சட்டம் இலண்டனில் அரச அங்கீகாரம் பெற்றது. இவ்விரு நாள்களும் அடுத்தடுத்து வந்தமை தற்செயலே. ஆயினும் அதன் தொடர்ச்சியைக் காணுங்கள். 1833 ஆம் ஆண்டில் ஆங்கிலப் பேரரசின் பெரும்பகுதியில் அடிமை முறையை ஒழித்த சட்டம் இலங்கையை விலக்கி வைத்தது. இங்கு அம்முறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844 ஆம் ஆண்டிலேயாம். அவ்வாண்டிற் சட்ட நிரூபண சபையிலே தமிழரின் ஆசனத்தில் அமர்ந்திருந்தவர் காசிச்செட்டி. ஒரு சட்டம் கடல் கடந்து ஒரு தீவை முழுதாக வந்தடைய ஒரு மனிதனின் பாதி ஆயுளுக்கு மேற் சென்றது.

அவருக்கு எட்டு வயது நிரம்புவதற்குச் சில நாள்கள் முன்னர்க் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. அதே 1815 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நெப்போலியன் வாட்டர்லூவில் வீழ்ந்தான். அதன் பின் ஆங்கிலேயரின் அதிகாரத்தைத் தடுக்க இத்தீவிலும் எவரும் இல்லை, இந்துமாகடலிலும் எவரும் இல்லை. அந்த அதிகாரத்தின் கீழ் வளர்ந்த இளைஞன் ஒருவனுக்குத் திறந்திருந்த வழி யாது? மொழியே அவ்வழி.

கரையோரம் அவருக்கு ஒரு பாடசாலையாக அமைந்தது எனலாம். தமிழும் சிங்களமும் அங்கே அடுத்தடுத்த வீடுகளில் வழங்கின. முஸ்லிம் மக்கள் தமிழைப் பேசி அறபியில் ஓதினர். பறங்கியர் நாவிற் போர்த்துக்கீசியமும் ஒல்லாந்தமும் இன்னும் மடிந்துவிடவில்லை. ஆளுவோர் மொழி ஆங்கிலம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்பவற்றைக் கற்ற காசிச்செட்டி, பின்னர் வடமொழி, போர்த்துக்கீசியம், ஒல்லாந்தம், இலத்தீன், கிரேக்கம், எபிரேயம், அறபு ஆகியவற்றிலும் பயிற்சி பெற்றார் என்பர் அவர் வரலாறெழுதினோர்.

1824 ஆம் ஆண்டில், பதினாறு வயது கடந்து பதினேழு நிரம்பாத நிலையில், புத்தளம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தார். இவ்வுத்தியோகத்தை எளிதென எண்ணிவிடலாகாது. கூண்டில் நிற்பவன் சொல்வது நீதிபதிக்கு விளங்காது, நீதிபதி கேட்பது கூண்டில் நிற்பவனுக்கு விளங்காது. இடையில் நிற்பவன் ஒரு சொல்லைப் பிறழ உரைத்தால் ஓர் ஏழையின் தென்னந்தோட்டம் கைமாறிப் போகும். ஊர் வழக்கம், காணியுரிமை, மக்களின் பழமொழிகள், சாதிப்பெயர்கள், தெய்வப்பெயர்கள் என யாவற்றையும் ஓர் அந்நியருக்கு விளங்கச் சொல்லும் ஆற்றலை அவ்விடத்தில் நிற்பவன் பெற்றே தீர வேண்டும். காசிச்செட்டி பிற்காலத்தில் எழுதிய நூல்களை எல்லாம் நோக்குமிடத்து, அவர் கடைசிவரையும் அந்த நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகவே இருந்தார் என்று எனக்குத் தோன்றுகின்றது. நீதிமன்றம் மட்டுமே விரிந்துகொண்டு போயிற்று.

1828 ஆம் ஆண்டில் அவர் புத்தளத்து மணியகாரரானார். அடுத்த ஆண்டிற் கோல்புறூக் இலங்கைக்கு வந்தார். கமரன் பின்னர் வந்து சேர்ந்தார். இவ்விருவரின் விசாரணையின் பயனாக 1832 ஆம் ஆண்டில் இராசகாரியம் ஒழிந்தது. 1833 ஆம் ஆண்டிற் சட்ட நிரூபண சபையும் மாவட்ட நீதிமன்றங்களும் தோன்றின. உயர் உத்தியோகங்களின் கதவும் சுதேசிகளுக்குச் சற்றே திறந்தது. எழுத்தறிவும் ஆங்கிலமும் உடையோர்க்கு இது பொற்காலத்தின் தொடக்கம். அவை இல்லாதோர்க்கு அப்படியன்று என்பதையும் நாம் மறத்தலாகாது.

மறு ஆண்டே, 1834 இல், காசிச்செட்டியின் முதற் பெருநூல் வெளிவந்தது. கோட்டையிலுள்ள திருச்சபை மிஷன் அச்சகத்தில் ஆங்கிலத்தில் அச்சான இலங்கைக் கசற்றியர் அது. (இக்கோட்டை கொழும்புக்கு அண்மையிலுள்ள பழைய இராசதானி, கற்பிட்டிக் கோட்டையன்று.) இலங்கையின் மாகாணங்கள், நகரங்கள், முதன்மையான கிராமங்கள், துறைமுகங்கள், ஆறுகள், குளங்கள் என்பவற்றோடு, மக்களின் பழக்கவழக்கம், வேளாண்மை, வாணிபம், சமயம் ஆகியவற்றையும் தொகுத்துரைத்த நூல். அப்போது ஆசிரியருக்கு வயது இருபத்தேழு. புகையிரதம் இத்தீவுக்கு வர இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன. நாடு முழுவதற்குமான குடிசன மதிப்பு 1871 ஆம் ஆண்டிலேதான் முறையாக எடுக்கப்பட்டது. பெரிய நூலகம் எதுவும் அண்மையில் இல்லாத ஒரு களப்போர ஊரிலிருந்து கொண்டு, மணியகாரர் வேலையையும் பார்த்துக்கொண்டு, ஒருவர் தனித்து நின்று செய்த வேலை இது. நாட்டை வென்றோர் அதனை அளந்து பெயரிட்டுக் கொள்வது உலக வழக்கம். இங்கே முதன்முதலாக ஊர்களை வரிசைப்படுத்தி எழுதியவர் இந்நாட்டவர் ஒருவராயிருந்தார்.

அவர் புகழ் இலண்டனையும் எட்டியது. பரவர் குலத்தின் தோற்றமும் வரலாறும் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1837 ஆம் ஆண்டில் றோயல் ஏசியாற்றிக் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. தம்மன்னா நுவரவின் இடிபாடுகள் பற்றிய கட்டுரையும் பின்னர் அதிலேயே இடம்பெற்றது. சட்ட நிரூபண சபையிலே தமிழருக்கென ஒதுக்கிய ஒரே ஆசனத்தில் முதலில் அமர்ந்த குமாரசுவாமி முதலியார் 1836 ஆம் ஆண்டிற் காலமாக, 1838 ஆம் ஆண்டில் அவ்விடம் காசிச்செட்டிக்குக் கிடைத்தது. உத்தியோகப்பற்றற்ற அறுவருள் மூவர் ஐரோப்பியர். சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர், பறங்கியர் ஒருவர். தேசாதிபதியே அவர்களை நியமித்தார். மக்கள் வாக்களித்துத் தெரிந்தனரல்லர். இத்தகைய சபையிலே தனியொரு தமிழர் எவ்வளவு செய்திருக்க முடியும் என்பதை வாசகரே ஊகிக்கலாம். 1841 ஆம் ஆண்டில் உதயாதித்தன் என்னும் தமிழ்த் திங்களிதழை அவர் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் உதயதாரகை தோன்றியதும் அவ்வாண்டிலேயே. 1845 ஆம் ஆண்டிற் சபையை விட்டு நீங்கி அரசாங்க சேவையிற் புகுந்தார். இலங்கைச் சிவில் சேவையில் முதலில் இடம்பெற்ற சுதேசி என்னும் பெருமை அவருக்கு உரியது.

ஆளுவோரின் ஊழியராய் உயர்ந்த ஒருவரை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்கும் இளைஞர் இருப்பர். அக்கேள்வி தவறன்று. அதற்கு விடையாக அவர் 1859 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டு வெளியிட்ட ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலையே காட்டுவேன்.

அந்நூலின் அருமையை உணர அதற்குச் சில ஆண்டுகள் முன்னே செல்லல் வேண்டும். 1835 ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் அமர்ந்திருந்த மெக்காலே, கீழைத்தேயத்தாரின் இலக்கியங்களை மிக இழிவாக மதித்து, ஆங்கிலக் கல்வியே தக்கதென அரசுக்கு எழுதினார். அரசும் அவ்வழியே நடந்தது. அக்காலத்தில் நம் இலக்கியத்தின் நிலை யாது? திருக்குறள் 1812 ஆம் ஆண்டில் அச்சேறியிருந்தது. சங்க இலக்கியங்களோ ஏட்டுச் சுவடிகளிற் கிடந்து செல்லுக்கிரையாகிக் கொண்டிருந்தன. புறநானூற்றை அச்சிற் காண உலகம் 1894 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1859 ஆம் ஆண்டில், அதனைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் நான்கு வயதுக் குழந்தை, சி. வை. தாமோதரம்பிள்ளை இருபத்தேழு வயது இளைஞர். தமிழில் இன்ன புலவர் இருந்தார், இன்ன நூல் செய்தார் என்று ஒருங்கே அறிவிக்கும் நூல் ஒன்றும் இல்லை. இல்லாத ஒன்றை இழிவென்று பேசுவது எளிது. ஆதலின் இருக்கின்றதைக் காட்டுவதே முதற் கடமையாயிற்று.

காசிச்செட்டி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்ந்த ஏறக்குறைய 200 புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். பெண்பாற் புலவரும் அதிற் சேர்ந்தனர். பாடல்களிலிருந்து எடுத்துக்காட்டுகளையும் தந்தார். அவர் கிறிஸ்தவர். ஆயினும் சைவ நாயன்மாரையும் வைணவ ஆழ்வாரையும் சமண முனிவரையும் தம் முன்னோர் என்றே எழுதினார். சமய பேதத்தால் ஒரு புலவரையும் தள்ளினாரல்லர்.

நூலுக்கு அவர் இட்ட பெயர் சிந்திக்கத் தக்கது. புளூட்டாக் உரோமப் பேரரசின் கீழ் வாழ்ந்த கிரேக்கர். கிரேக்கம் தன் அரசை இழந்து நெடுநாள் ஆகியிருந்தது. அவரோ கிரேக்கப் பெரியார் ஒருவரையும் உரோமப் பெரியார் ஒருவரையும் இணை இணையாக நிறுத்தி வரலாறு எழுதி, ஆளுவோர்க்கு ஆளப்படுவோர் இளைத்தவரல்லர் என்று காட்டினார். பெரும்பாலும் கைரோனியா என்னும் தம் சிற்றூரிலேயே வாழ்ந்தார். கிரேக்கமும் கற்ற காசிச்செட்டி, புத்தளத்திலும் சிலாபத்திலும் உத்தியோகம் பார்த்துக்கொண்டு இப்பெயரைத் தெரிந்தமை வெறும் அலங்காரத்துக்காக என்று நான் நம்பவில்லை.

குறைகள் இல்லாமலில்லை. காலவரையறையில் அந்நூலை இன்று எவரும் ஆதாரமாகக் கொள்ளார். செவிவழிக் கதைகளும் வரலாறும் அதிற் கலந்து கிடக்கின்றன. சங்க நூல்கள் அச்சேறாத காலத்தில் எழுதிய ஒருவருக்கு அதைவிட நன்றாகச் செய்ய வழியில்லை. இன்னொன்று இதனினும் பெரிது. அவர் ஆங்கிலத்தில் எழுதினார். ஆங்கிலேயரும் ஆங்கிலங் கற்ற தமிழரும் அதனை அறிந்தனர். திண்ணையில் இருந்து பாடங் கேட்ட தமிழ் மாணாக்கனுக்கு அது எட்டவில்லை. அவனுக்கு அத்தகைய ஒரு நூல் தமிழிற் கிடைக்க, ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளை 1886 ஆம் ஆண்டிற் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிடும்வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. முதலில் விளக்கேற்றியவர் காசிச்செட்டியே எனினும், தமிழ் மட்டும் அறிந்த வீடுகளுக்கு அவர் பெயர் எட்டாமற் போனதற்கு இதுவே காரணம்.

தமிழ் புளூட்டாக் வெளிவந்த 1859 ஆம் ஆண்டு உலகத்துக்கும் பேராண்டாகும். டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூலும், எமர்சன் டெனன்ற் இலங்கையைப் பற்றி எழுதிய பெருநூலும் இலண்டனில் வெளிவந்தன. சுயஸ் கால்வாயை வெட்டத் தொடங்கியதும் அவ்வாண்டிலேதான். பத்தாண்டுகளில் அது திறந்தபோது கப்பல்களின் வழி மாறிற்று. கொழும்புத் துறைமுகம் பெருகிற்று. கற்பிட்டி போன்ற பழைய சிறு துறைகள் மெல்ல ஓய்ந்தன. அதனைக் காண காசிச்செட்டி இருக்கவில்லை. சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாய் விளங்கிய அவர், 1860 நவம்பர் 5 ஆம் நாள், தமது ஐம்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார்.

தமிழரின் சாதி, வழக்கம், இலக்கியம் பற்றி அவர் எழுதியவை 1934 ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளிவந்தன. 1946 ஆம் ஆண்டில், தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளோடு, தமிழ் புளூட்டாக் கொழும்பில் மீண்டும் அச்சேறியது. முதற் பதிப்புக்கும் அதற்கும் இடையிலே 87 ஆண்டுகள்.