அமெரிக்கக் காரைப் பிரித்துப் பார்த்த ஜப்பானியர்

கார் என்றால் அமெரிக்கா. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

1950-ம் ஆண்டில் அமெரிக்காவின் போர்டு கம்பெனி ஒரே நாளில் சுமார் 8 ஆயிரம் வண்டிகள் செய்தது. ஜப்பானில் இருந்த டொயோட்டா கம்பெனி ஒரு நாளைக்குச் செய்தது 40 வண்டிதான்.

அந்த 40 வண்டிக் கம்பெனி, 2021-ம் ஆண்டில் அமெரிக்க மண்ணிலேயே எல்லா அமெரிக்கக் கம்பெனிகளையும்விட அதிகமாக விற்றது!

அதைத் தொடங்கியவர் பெயர் கீச்சிரோ டொயோடா. இந்த வெற்றியில் கடுகளவைக்கூட அவர் கண்ணால் காணவில்லை.

தானே நின்ற தறி

கீச்சிரோ 1894-ம் ஆண்டு பிறந்தார். தந்தை சாக்கிச்சி ஒரு தச்சரின் மகன். புதுப்புதுத் தறிகளைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவர்.

அவருடைய தறியில் ஓர் அதிசயம் இருந்தது. நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். மற்றத் தறிகள் நூல் அறுந்த பிறகும் ஓடும், துணி வீணாகும். இந்தத் தறிக்கு அந்தக் கவலை இல்லை. ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

கீச்சிரோ டோக்கியோவில் என்ஜினீயரிங் படித்தார். தந்தையுடன் சேர்ந்து தறியைச் செம்மை செய்தார். 1929-ல் இங்கிலாந்து சென்று, பெயர் பெற்ற தறிக் கம்பெனி ஒன்றுக்கு அதன் உரிமையை ஒரு லட்சம் பவுனுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். அடுத்த ஆண்டு தந்தை காலமானார்.

மகனின் மனம் தறியில் நிற்கவில்லை. காரில் இருந்தது.

அப்போது ஜப்பானில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை அமெரிக்கக் கார்களே. போர்டு கம்பெனி யோகோஹாமாவிலும், ஜெனரல் மோட்டார்ஸ் ஒசாகாவிலும் ஆலை வைத்திருந்தன. பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து, அங்கே பூட்டி விற்றன.

1933-ல் கீச்சிரோ ஓர் அமெரிக்க ஷெவர்லே காரை வாங்கினார். ஓட்டிப் பார்க்க அல்ல, பிரித்துப் பார்க்க! ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, படம் வரைந்து, அதுபோல் செய்து பார்த்தார்கள்.

1935-ல் முதல் லாரி வந்தது. வந்த லாரி அடிக்கடி நின்றது. டோக்கியோவில் காட்சிக்கு வைக்கக் கொண்டுபோகும் வழியிலேயே ஒன்று பழுதாயிற்று. கீச்சிரோ அதை மறைக்கவில்லை. எங்கே வண்டி நின்றாலும் ஆள் போனது. எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று பார்த்து, அடுத்த வண்டியில் திருத்தினார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். 1936-ல் ஜப்பான் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டு அமெரிக்கக் கம்பெனிகளின் கையைக் கட்டியது. அந்த வேலி இல்லாவிட்டால் அந்தப் பயிர் முளைத்திருக்குமா என்பது சந்தேகமே.

1937-ல் டொயோட்டா கம்பெனி உருவாயிற்று.

அன்றன்றைக்கு வாங்கும் அரிசி

பணக்கார வீட்டில் அரிசியை மூட்டை மூட்டையாக அடுக்கி வைப்பார்கள். அடி மூட்டையில் பூச்சி விழுந்தாலும் தெரியாது. ஏழை வீட்டில் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே வாங்குவார்கள். ஒரு கல் கிடந்தாலும் உடனே கண்ணில் படும்.

கீச்சிரோவிடம் பணம் இல்லை.  ஆகவே எந்தப் பாகம் எப்போது வேண்டுமோ, அப்போது, வேண்டிய அளவு மட்டும் வரவேண்டும் என்று முறை வகுத்தார். 1938-ல் திறந்த புதிய ஆலையில் அதை நடத்தத் தொடங்கினார். யுத்தம் வந்து அதைக் கெடுத்தது.

1945-ல் ஜப்பான் தோற்றது. மூன்றே ஆண்டில் அமெரிக்காவை எட்டிப் பிடிக்கவேண்டும் என்றார் கீச்சிரோ. நடக்கிற காரியமா? 1949-ல் கார் வாங்க ஆள் இல்லை. சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை.

சம்பளத்தைக் குறைக்கிறேன், ஆனால் ஒருவரையும் வேலையை விட்டு நீக்கமாட்டேன் என்று தொழிலாளருக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். கடன் கொடுத்த பாங்கிகள் ஆட்குறைப்புச் செய் என்று நெருக்கின. வேலைநிறுத்தம் வெடித்தது. சுமார் 2 ஆயிரம் பேர் வெளியேற நேர்ந்தது.

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாத கீச்சிரோ, 1950 ஜூனில் தாமும் பதவி விலகினார். அதே மாதம் கொரியாவில் போர் மூண்டது. அமெரிக்க ராணுவம் டொயோட்டாவிடம் லாரிகள் வாங்கியது. கம்பெனி பிழைத்தது. ஒரு மாதம் முந்தி வந்திருந்தால் அவர் போயிருக்கவே வேண்டாம்!

மறுபடி தலைவராக வர அழைத்தார்கள். வருவதற்குள், 1952 மார்ச்சில், மூளையில் ரத்தம் கசிந்து காலமானார். வயது 57.

கயிற்றை இழு

அவர் தம்பி முறையான ஈஜி, 1950-ல் அமெரிக்கா போய்ப் போர்டு ஆலையைப் பல வாரம் சுற்றிப் பார்த்தார். அமெரிக்க ஆலைகளில் அப்போது ஒரு விதி இருந்தது: வரிசை நிற்கக்கூடாது. பழுதான வண்டியும் ஓடிக் கடைசிவரை போகும். பிறகு ரிப்பேர் செய்வார்கள். பாகங்கள் மலைபோல் குவிந்து கிடக்கும்.

டொயோட்டாவிலோ தறியின் பாடம் காருக்கு வந்தது. பழுதைக் கண்ட தொழிலாளி தலைக்கு மேல் உள்ள கயிற்றை இழுக்கலாம். வரிசை நிற்கும். அங்கேயே திருத்துவார்கள்.

அமெரிக்க முதலாளிகள் இதைக் கவனிக்கவில்லை. ஏன் கவனிக்கவேண்டும்? பெட்ரோல் மலிவு, பெரிய காரில் லாபம் அதிகம், எதிரி யாரும் இல்லை. 1957-ல் அமெரிக்கா போன டொயோட்டா கார் அங்குள்ள நெடுஞ்சாலையின் வேகத்தைத் தாங்காமல் திணறியது. பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

1973-ல் எண்ணெய் விலை ஏறியது. அமெரிக்காவில் பெட்ரோலுக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். அப்போதுதான் பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், அடிக்கடி நிற்காத சின்னக் கார் கண்ணில் பட்டது. 1980-ல் வண்டி உற்பத்தியில் ஜப்பான் அமெரிக்காவை முந்தியது.

தொழிலாளர்மேல் பழி போட்டவர்கள் உண்டு. அதற்கும் பரீட்சை நடந்தது. கலிபோர்னியாவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் மூடிய ஆலையை, இரண்டு கம்பெனிகளும் கூட்டாக 1984-ல் திறந்தன. பழைய தொழிலாளர்களையே பெரும்பாலும் எடுத்தார்கள். முறை மட்டும் டொயோட்டா முறை. கார்கள் பழுதில்லாமல் வந்தன!

அந்த ஆலையின் முதல் தலைவர் கீச்சிரோவின் மகன் தத்சுரோ. அங்கே முதலில் செய்த கார், ஒரு ஷெவர்லே.

அங்கு கண்டதை மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோக ஜெனரல் மோட்டார்சுக்கு வெகுகாலம் பிடித்தது. ஓய்வு பெற்றவர்களின் பென்ஷனும் வைத்தியச் செலவும் வேறு அழுத்தின. 2009 ஜூன் முதல் தேதி அது திவால் மனுவோடு கோர்ட்டுக்குப் போயிற்று.