மலைமேல் கிடைத்த ஏரிக்கொட்டை: பீர்பால் சாஹ்னி யார்?

பெங்களூருவில் ஐ.ஐ.எஸ்சி. வாசலை தினமும் கடந்து ஆபீஸ் போகிறவரா நீங்கள்? அந்தக் கல்வி நிறுவனத்தின் ஆதரவோடு 1932-ல் தொடங்கிய அறிவியல் இதழ் 'கரண்ட் சயின்ஸ்'. அதில் 1936-ல் வந்த ஒரு வாதம் இதுதான்: மனிதன் தோன்றிய பிறகும் இமயமலை உயர்ந்துகொண்டே இருந்தது. எழுதியவர் பீர்பால் சாஹ்னி.

யார் இவர்?

1891 நவம்பர் 14-ல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் பேரா என்ற ஊரில் பிறந்தவர். மகன் ஐ.சி.எஸ். அதிகாரி ஆக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை என்பார்கள். நம்ம வீடுகளில் இன்றும் கேட்கிற கதைதானே! சாஹ்னி தாவரவியலைத் தேர்ந்தெடுத்தார். லாகூர், கேம்பிரிட்ஜ் படிப்புக்குப் பின் 1919-ல் திரும்பி, 1921-ல் லக்னோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். 1936-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

கொட்டை என்ன சொல்கிறது?

காஷ்மீரில் 'கரேவா' என்ற பழைய ஏரிப் படிவுகள் உண்டு. பீர் பஞ்சால் மலைச்சரிவில், 10,000 அடிக்கும் மேலே, அந்தப் படிவுகளில் சிங்காரா என்ற நீர்த்தாவரத்தின் கொட்டைகள் கிடைத்தன. இன்று அந்தச் செடி வளர்வது சுமார் 5,200 அடியில் உள்ள வூலர் ஏரியில். ஏரிச்செடி எப்படி மலையேறும்? செடி ஏறவில்லை. ஏரியின் அடித்தளமே மலையோடு சேர்ந்து உயர்ந்துவிட்டது.

அக்ரூட் இருக்கிறது, ஓக் எங்கே?

கரேவாவில் அக்ரூட், ஓக் மரங்களின் எச்சங்களும் கிடைத்தன. அக்ரூட் இன்றும் காஷ்மீரின் அடையாளம். ஓக் காடுகளோ பள்ளத்தாக்கில் இல்லை. பீர் பஞ்சால் உயர உயர, தெற்கிலிருந்து வரும் பருவமழை தடுக்கப்பட்டது. அந்த ஈரத்தை நம்பிய மரங்கள் மறைந்தன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஒரு மலை உயர்ந்தால் ஒரு காடே மாறலாம். பருவநிலை மாற்றம் பற்றிப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வாரம்

புதைபடிவத் தாவரங்களுக்கென்றே ஒரு நிறுவனம் வேண்டும் என்பது சாஹ்னியின் கனவு. 1949 ஏப்ரல் 3-ல் லக்னோவில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். அந்தக் கல்லிலேயே புதைபடிவங்கள் பதிக்கப்பட்டிருந்தன. ஒரே வாரத்தில், ஏப்ரல் 10-ல், மாரடைப்பால் சாஹ்னி இறந்தார். வயது 57.

அப்போது கட்டடம் இன்னும் எழும்பியிருக்கவில்லை. ஆனால் வேலை நிற்கவில்லை. மனைவி சாவித்ரி சாஹ்னி பொறுப்பை ஏற்று நிறுவனத்தை வளர்த்தெடுத்தார். அது இன்றும் லக்னோவில், சாஹ்னியின் பெயரிலேயே இயங்குகிறது.